ஊர் நடுவே ஒரு பேஸ்போல் மைதானம்

ஒருவருடைய முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவரோடு வாதாட முடியாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். புதுக் கண்ணாடியைக் காதில் மாட்டி, மூக்கில் ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்க்க நான் குனியும் அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேச்சு வரும். அந்த வருடம் அவர்கள் பேசியது ஒரே விஷயம். “அந்தப் பேஸ்போல் கூத்தை நகரத்துக்கு நடுவே கொண்டுவரப் போகிறார்களாமே? நான் வேண்டாமென்றுதான் வாக்களிப்பேன்.” சொல்லிவிட்டு, “இடது காதுப் பக்கம் கொஞ்சம் இறுக்குகிறது” என்பார்கள். நான் இடது பக்கத்தைத் தளர்த்திக் கொடுப்பேன். அந்தக் கூத்துக்கு ஆதரவு திரட்டுகிற ஆளே நான்தான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வேண்டுமென்றே சொன்னார்கள்.

எங்கள் ஊர் ஜெர்மனியில், எசன் நகரத்துக்குப் பக்கத்தில், நிலக்கரி போன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற ஊர்களில் ஒன்று. ஊரின் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், பழைய சரக்கு நிலையம் இருக்கிறது. தண்டவாளங்களைக் கழற்றி எத்தனையோ காலமாகிவிட்டது. புதரும் உடைந்த போத்தல்களும்தான் மிச்சம். எங்கள் பேஸ்போல் கழகமோ ஊரின் கடைசியில், கால்வாய்க் கரையில், குப்பை தரம்பிரிக்கும் இடத்துக்கு அடுத்த நிலத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நிலத்தைப் பொதிகள் அனுப்பும் நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. விளையாட்டுப் பருவம் முடிந்ததும் காலி செய்யவேண்டும். சரக்கு நிலையத்தில் ஒரு மைதானம், பார்வையாளர்களுக்குப் படிகள், விளக்குக் கம்பங்கள், பக்கத்தில் வாடகைக்கு விட ஒரு மண்டபம் என்று கழகம் திட்டம் போட்டது. நகரசபையில் பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். பழியைத் தலையில் போட்டுக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஜெர்மன் மொழியில் யாவா, நைனா? ஆமென்றால் மைதானம். இல்லையென்றால் கழகத்தை மூடவேண்டியதுதான். வேறு நிலம் ஊரில் இல்லை.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்று என் கணவரே கேட்டிருக்கிறார். அவர் லொறி ஓட்டுபவர். வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். ஆகவே ஊர்ச் சண்டைகளை அவர் தொலைபேசியில் கேட்டுச் சிரிப்பதோடு சரி. கழகத்தின் வருடாந்தக் கூட்டத்தில், “மக்களிடம் ஆதரவு திரட்டும் பொறுப்பை யார் எடுப்பது?” என்று தலைவர் கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் மட்டும் தலையை நிமிர்த்தினேன். ஆனால் அது தவறி நிமிர்ந்த தலை அல்ல. என் மகள் அந்தக் கழகத்தில் பந்து எறிகிறவள். அந்த மைதானம் இல்லாமல் போனால் அவள் என்ன ஆவாள் என்ற பயம் எனக்கு.

பதின்மூன்று வயதில் அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. ஒருநாள் வயிற்றுவலி என்றாள், மறுநாளும் என்றாள், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். குழந்தை வைத்தியர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். மனநல வைத்தியரிடம் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுக்கப் போனால் அடுத்த வருடம்தான் இடம் என்றார்கள். நான் வேலைக்குப் போகவேண்டும், கணவர் எங்கோ போலந்து நெடுஞ்சாலையில். அப்போது கைகொடுத்தது கீழ்வீட்டு அம்மா. ஓய்வுபெற்றவர், தனியாள், ஒரு சொல் அதிகமாகப் பேசமாட்டார். “காலையில் என்னிடம் அனுப்பு. அவள் சும்மா இருக்கட்டும். நானும் சும்மாதான் இருக்கிறேன்” என்றார். ஒரு குளிர்காலம் முழுவதும் என் மகள் காலைகளில் கீழே இருந்தாள். அங்கே என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

அதன் பிறகுதான் பேஸ்போல். கழகத்தின் பெண்பிள்ளைகள் அணிக்கு ஆள் தேவை என்று பேருந்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத் தானாகவே போனாள். தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றும் அங்கே இல்லை, அதனால்தான் போனதாகச் சொன்னாள். பந்து எறிகிறவள் மைதானத்தின் நடுவில் தனியாக நிற்பாள். அவள் எறியும்வரை ஆட்டம் தொடங்காது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற என் பிள்ளை அங்கே நின்று, கையைச் சுழற்றி, அமைதியாக எறிந்தாள். அடுத்த கோடையில் பள்ளிக்கூடத்துக்கும் திரும்பினாள். நான் வேலியோரம் நின்று பார்த்து, இந்தத் தரையால்தான் என் பிள்ளை பிழைத்தாள் என்று எனக்குள்ளே முடிவு கட்டிவிட்டேன். இந்தக் கதை தமிழ்ச் சனம் ஒருவருக்கும் தெரியாது. கழகத் தலைவரிடம் மட்டும், ஒருநாள் மனம் தாங்காமல், சொல்லியிருந்தேன்.

ஆதரவு திரட்டுவது என்றால் என்னவென்று எனக்கு அதற்குமுன் தெரியாது. சனிக்கிழமைச் சந்தையில் மேசை போட்டு, கேக் வெட்டிக் கொடுத்து, திட்டுக் கேட்பதுதான் அது. கேக்கைத் தின்றுகொண்டே திட்டுவார்கள். கார் நிறுத்த இடம் எங்கே, விளக்கு வெளிச்சம் எந்த வீட்டுக்குள் விழும், பந்து ஜன்னலை உடைத்தால் யார் பொறுப்பு, கால்பந்துக்கே காசில்லாத ஊரில் அமெரிக்கக்காரன் விளையாட்டு எதற்கு? எனக்குப் பதில்கள் மனப்பாடம். வலை கட்டுவோம், மரம் நடுவோம், ரயிலில் வருவார்கள், பத்து மணிக்கு முன் விளக்கு அணையும். சொல்லிக்கொண்டே எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பேன். கண்ணாடிக் கடைக்காரிக்கு முகம் வாசிக்கத் தெரியும். நைன், நைன், இன்னும் யோசிக்கிறார், நைன். வீட்டுக்கு வரும்போது நைன்களை எண்ணிக்கொண்டே வருவேன்.

கீழ்வீட்டு அம்மாவும் எதிர்ப்பு. அவருடைய படுக்கையறை ஜன்னல் நேரே சரக்கு நிலையத்தைப் பார்த்து இருக்கிறது. ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, “நான் எதிர்ப்பாளர் குழுவில் சேர்ந்திருக்கிறேன். பத்திரிகையில் பார்ப்பதற்கு முன்னால் உனக்குச் சொல்ல நினைத்தேன்” என்றார். “சொன்னதுக்கு நன்றி” என்றேன். வேறென்ன சொல்ல? அடுத்த வாரம் அவருடைய பல்கனியில் பெரிதாக ‘நைன்’ தொங்கியது. நேர்மேலே எங்கள் பல்கனியில் ‘யா’. தபால்காரர் நின்று சிரித்துவிட்டுப் போனார். எங்களுக்குள் வணக்கம் நிற்கவில்லை, எங்கள் பொதிகளை அவர் வாங்கி வைப்பதும் நிற்கவில்லை. ஆனால் அந்தப் படியில் இறங்கும்போதெல்லாம் எனக்குக் கால் கூசியது.

மார்ச்சில் நகரசபை ஒரு பொதுக்கூட்டம் வைத்தது. பள்ளிக்கூடம் ஒன்றின் மண்டபத்தில், மாலை ஆறு மணிக்கு. இரண்டு பக்கமும் பேசலாம், யாரும் கேட்கலாம். தலைவர் என்னைக் கூப்பிட்டு, “அந்த மண்டபம் முழுக்க எதிர்ப்பாளர்களாக இருந்தால் மறுநாள் பத்திரிகையில் நாங்கள் தோற்றுவிட்டோம். உங்கள் ஆட்களைக் கொண்டுவர முடியுமா?” என்றார். ‘உங்கள் ஆட்கள்’ என்றதும் எனக்குச் சுள்ளென்றது. நாற்பது வருடமாகப் போகிறது இந்த நாட்டில். ஆனால் பயம் ரோஷத்தைவிடப் பெரியது. போனேன்.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அண்ணையைத் தெரியாத தமிழர் இந்தப் பக்கத்தில் இல்லை. கல்யாணமோ, சாவீடோ, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோ, எல்லாவற்றையும் அவர்தான் ஓடி ஓடிச் செய்வார். நான் விஷயத்தைச் சொன்னதும், “உது கிரிக்கெட்டோ?” என்றார்.

“இல்லை அண்ணை. பேஸ்போல்.”

“ரெண்டும் மட்டைதானே. சரி, நீங்கள் கட்டப்போற அந்த மண்டபத்தைச் சொல்லுங்கோ. குசினி இருக்கோ?”

“பெரிய குசினி. புகை இழுக்கிற மிசினோட.”

அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் எங்களுக்கு மண்டபம் தர யோசிப்பார்கள். ரோல்ஸ் பொரித்த வாசனை ஒரு மாதத்துக்குப் போகாதாம். “தங்கச்சி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. சனத்தை நான் கொண்டுவாறன்.”

“எல்லாருக்கும் வாக்கு இருக்காது அண்ணை. சிலபேர் இன்னும் ஜெர்மன் பாஸ்போட்டுக்கு மாறேல்லை.”

“வாக்கில்லாட்டி என்ன, வாய் இருக்குத்தானே.”

கூட்டத்தன்று நான் கடையில், ஒரு முதியவருக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தேன். பைக்குள் கைபேசி அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. முதியவரிடம் மன்னிப்புக் கேட்டு எடுத்தேன்.

“தங்கச்சி,” அண்ணையின் குரல், பின்னால் காற்றுச் சத்தம். “உதென்ன, கதவு பூட்டிக் கிடக்கு?”

“எந்தக் கதவு அண்ணை?”

“பள்ளிக்கூடக் கதவுதான். நாங்கள் எல்லாரும் வந்து நிக்கிறம். சனமெண்டால் சனம்!”

கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு மணி. “அண்ணை, கூட்டம் ஆறு மணிக்கல்லோ!”

அண்ணை தணிந்த குரலில், “அது எனக்குத் தெரியும். நான்தான் அறிவித்தலில நாலு எண்டு போட்டனான். எங்கட சனத்துக்கு ஆறு எண்டு சொன்னா எட்டுக்குத்தானே வருங்கள். இண்டைக்குப் பாத்து எல்லாம் நேரத்துக்கு வந்து நிக்குதுகள்” என்றார்.

இதை வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம். எங்களிடம் இரண்டு மணிக்கூடு இருக்கிறது. கல்யாண அழைப்பிதழில் பத்து மணி என்று இருந்தால் வீட்டில் குளிக்கத் தொடங்குவது பத்து மணிக்கு. அழைப்பிதழ் அடிப்பவருக்கும் அது தெரியும், ஆகவே இரண்டு மணித்தியாலம் முந்தித்தான் போடுவார். ஆனால் அதே சனத்துக்கு வைத்தியரிடமோ வேலை அலுவலகத்திலோ டெர்மின் என்றால் கால்மணி நேரம் முந்தியே போய்க் கதவடியில் நிற்கும். அண்ணை வழக்கம்போல நேரத்தை முன்னால் தள்ளினார். சனமோ ‘நகரசபை’ என்ற சொல்லைப் பார்த்து ஜெர்மன் மணிக்கூட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டது. இப்போது மார்ச் மாதக் குளிர்காற்றில், பட்டுச்சேலைக்கு மேல் ஜக்கெட் போட்ட அக்காமார் பூட்டிய கதவுக்கு முன்னால்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையை விட்டு வர முடியாது. முதியவர், “ஏதாவது கெட்ட செய்தியா?” என்று கேட்டார். “இல்லை, ஆட்கள் நேரத்துக்கு வந்துவிட்டார்கள்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வேலை முடித்து நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. குளிரில் நின்றவர்களைப் பார்த்து இரக்கப்பட்ட பள்ளிக்கூடக் காவலாளி நேரத்தோடு கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். கதிரை எல்லாவற்றிலும் எங்கள் சனம். முன்வரிசையில் மட்டும் கழகச் சீருடையோடு பெண்பிள்ளைகள் அணி, அதில் என் மகள். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அற்புதம்! எப்படிச் செய்தீர்கள்?” நான் அவருக்கு மணிக்கூடு விஷயத்தை விளக்கப் போகவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்னால், ஜெர்மன் முறைப்படி, சரக்கு நிலையத் தெருக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஜன்னல்களைப் பற்றித்தான் கூட்டமே. காவலாளி கதவில் நின்று, தீயணைப்புச் சட்டப்படி இனி ஒருவரையும் விட முடியாது என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் கூடினார்கள். சத்தம் கேட்கவில்லை, வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால், நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, தொப்பி போட்டு, கீழ்வீட்டு அம்மா. உள்ளே ஒரு மூலையில் பத்திரிகைக்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும்போல இருந்தது. ஊர்க்காரர் வெளியே, இவர்கள் உள்ளே. மைதானம் போகட்டும், நாளைக்குக் கடையில் யாருடைய முகத்தை நான் பிடிப்பேன்? தலைவரிடம் ஓடினேன். “முதலில் வந்தவர்களுக்குத்தான் இடம். விதி அதுதான்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் என்னைப்போலப் பயம்தான். நாற்பது வருடமாகக் கட்டிய கழகம் அது.

“அம்மா,” மகள் பக்கத்தில் வந்து நின்றாள். “அவ வெளியில நிக்கிறா.”

“தெரியும். பாத்தனான்.”

“பிறகு?”

நான் பதில் சொல்ல முன்னமே அவள் போய்விட்டாள். கதவடிக்குப் போய்க் காவலாளியிடம் ஏதோ சொல்லி, தான் வெளியே போய், கீழ்வீட்டு அம்மாவைத் தன் இடத்துக்கு உள்ளே விட்டாள். ஒரு ஆள் வெளியே, ஒரு ஆள் உள்ளே. காவலாளிக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

நான் மேடையில் ஏறி ஒலிவாங்கியை எடுத்தேன். தமிழிலேயே சொன்னேன். “எல்லாரும் குளிருக்க நிண்டு வந்தது எனக்குத் தெரியும். ஆனா வெளியில நிக்கிறவை இந்தத் தெருச் சனம். அவையள விட்டிட்டு நாங்கள் மட்டும் இருந்து கதைச்சா, நாளைக்கு எல்லாரும் எங்களைத்தான் சொல்லுவினம். அரைவாசிப் பேர் வெளியில போங்கோ. தயவுசெய்து.”

அண்ணை எழுந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. “தங்கச்சி, ரெண்டு மணித்தியாலம் முந்தி வந்து வெளியில நிண்டது, திரும்ப வெளியில போறதுக்கோ?”

“ஓம் அண்ணை” என்றேன்.

ஒரு அக்கா, “அப்ப இந்த ரோல்ஸை என்ன செய்யிறது?” என்று உரக்கக் கேட்டார். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சிலர் என்னைப் பார்க்காமலே போனார்கள். அண்ணை கடைசியாகப் போனார். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருபவர்களுக்கு வழிவிட்டார். கோபத்திலும் அந்த மனுசனுக்கு அது போகாது.

கூட்டம் தொடங்கியது. நகரத் திட்ட அலுவலகத்தார் படம் காட்டினார். பிறகு எதிர்ப்பாளர்கள் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் கைதட்டல் பலத்தது. எங்கள் பக்கம் கைதட்ட வேண்டியவர்கள் வெளியே நின்றார்கள். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னார்: இப்போது அதைச் சொல்லுங்கள். முந்தின நாளே கேட்டிருந்தார். “நிலம், விளக்கு, வாகனத் தரிப்பிடம், இதெல்லாம் யாருடைய மனதையும் மாற்றாது. உங்கள் மகளின் கதை மாற்றும்.” நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை.

எழுந்தேன். “எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்” என்று தொடங்கினேன். மண்டபம் அமைதியானது. நல்ல அமைதி, ஆதரவு வருகிற அமைதி. அது எனக்குப் பிடித்துவிட்டது. “பதின்மூன்று வயதில் அவள்...” என்றபோது கண்ணாடிக் கதவு கண்ணில் பட்டது. வெளியே மகள் நின்றாள். சத்தம் அவளுக்குக் கேட்காது. ஆனால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்த முகத்தை வாசிக்க எனக்குக் கண்ணாடி தேவையில்லை. முன்வரிசையில் கீழ்வீட்டு அம்மாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “பதின்மூன்று வயதில் அவள் இந்தக் கழகத்தில் சேர்ந்தாள். கால்வாய்ப் பக்கம் பேருந்து ஒழுங்காக இல்லை. சரக்கு நிலையத்துக்கு எல்லாப் பேருந்தும் வரும்” என்று சொல்லி உட்கார்ந்தேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து கீழ்வீட்டு அம்மாவின் முறை. தலைவரைத் தவிர என் வீட்டுக் கதை தெரிந்த ஒரே ஆள் அவர். பிள்ளையை வைத்து ஆதரவு தேடுகிறாள் என்று ஒரு வரி சொன்னால் போதும், எங்கள் கதை முடிந்தது. அவர் தள்ளுவண்டியைப் பிடித்து எழுந்து, தன் படுக்கையறை ஜன்னலைப் பற்றி, விளக்கைப் பற்றி, தூக்கம் பிடிக்காத வயதைப் பற்றிச் சொன்னார். “இளம் பிள்ளைகள் விளையாடவேண்டும், எனக்கு அதில் சந்தேகமில்லை. என் ஜன்னலுக்கு முன்னால் வேண்டாம், அவ்வளவுதான்.” அவ்வளவுதான் சொன்னார். நான் தட்டமுடியாத கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் பத்திரிகையில் கூட்டத்தைப் பற்றி நியாயமாகவே எழுதியிருந்தார்கள். ஒரு வரியில், சங்கத்தார் இடம் விட்டுக்கொடுத்ததும் வந்தது. கடையில் ஒருவர் முகத்தை என் கைக்குள் கொடுத்துக்கொண்டே, “நீங்கள்தானா அது? சரி, யோசிக்கிறேன்” என்றார். யோசிப்பவர்கள் கூடினார்கள். ஆனால் என் பயம் குறையவில்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டது. மகள் பேச்சைக் குறைத்தாள். ஒரு பயிற்சிக்குப் போகவில்லை. “களைப்பா இருக்கு” என்றாள். இந்த மாதிரிக் காரணத்தை நான் முன்பும் கேட்டவள். மாலைகளில் கீழே இறங்கிப் போய் நேரம் கழித்து வந்தாள். மறுபடியும் அந்தக் குளிர்காலமா? மனநல வைத்தியரின் இலக்கத்தைத் தேடி எடுத்து, இப்போதே டெர்மின் கேட்டு வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. இந்த வாக்கெடுப்பில் வென்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னையே தேற்றிக்கொண்டு, சந்தையில் இன்னும் இரண்டு கேக் கூட வெட்டினேன்.

வாக்கெடுப்பு மே மாதத்தில் ஒரு ஞாயிறு. எங்கள் மாநிலத்தில் ஊர் வாக்கெடுப்புக்குப் பதினாறு வயது போதும். மகளுக்குப் பதினாறு முடிந்திருந்தது. அவளுக்கு அது முதல் வாக்கு. இருவரும் சேர்ந்தே நடந்து போனோம். அவள் மறைப்புக்குப் பின்னால் போனதும் எனக்குக் கண் கலங்கியது. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாளே, அதற்காக. திரும்பும்போது அண்ணையிடமிருந்து அழைப்பு. கூட்டத்துக்குப் பிறகு என்னோடு பேசாதவர். “தங்கச்சி, நாங்கள் எல்லாரும் போட்டாச்சு. கோவம் வேற, மண்டபம் வேற” என்று சொல்லி, பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார்.

மாலையில் கால்வாய்க் கரைக் கழகக் குடிலில் எல்லோரும் கூடி, தொலைபேசியில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறியது, இறங்கியது, நான் வெளியே போய் நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன். கடைசி வாக்குச்சாவடியின் முடிவு வந்ததும் உள்ளேயிருந்து கத்தல். கொஞ்ச வித்தியாசத்தில் வென்றுவிட்டோம். தலைவர் அழுதார். பெண்பிள்ளைகள் என் மகளைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் குதிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

வெளிச்சம் இன்னும் இருந்தது, வீட்டுக்கு நடந்தே போனோம். சரக்கு நிலைய வேலியோரம் வந்தபோது அவள் சொன்னாள், “அம்மா, நான் நைன் எண்டுதான் போட்டனான்.”

நான் நின்றுவிட்டேன். “கீழ்வீட்டு அம்மா கேட்டவவோ?”

“இல்லை. அவவுக்குத் தெரியாது. அவவின்ர கட்டில் அந்த ஜன்னலோட. லைட் நேர முகத்தில அடிக்கும்.” கொஞ்சம் நடந்தாள். “நான் பள்ளிக்கூடம் போகேலாமக் கிடந்த நேரம், அந்தக் கட்டிலிலதான் படுத்திருந்தனான். அவ பக்கத்தில கதிரையில இருப்பா. ஒண்டும் கேக்கமாட்டா.”

“அப்ப உன்ர விளையாட்டு? கழகம் மூடியிருந்தா என்ன செய்திருப்பாய்?”

“கவலையாத்தான் இருந்திருக்கும்.”

“பிறகு?”

“பிறகு வேற ஏதாவது. அம்மா, நான் அதால மட்டும் எழும்பேல்லை.”

இந்த ஊரில் முகம் முகமாகப் பிடித்து ஆதரவு கேட்டவள் நான். மீன் வாங்க வந்தவர்களிடம் கேட்டேன், தபால்காரரிடம் கேட்டேன், பூசைக்கு வந்த சனத்திடம் கேட்டேன். இவளிடம் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அதோடு, சொல்வதற்கே விசித்திரமாக இருக்கிறது, பல வருடங்களுக்குப் பிறகு நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது. கழகம் முழுவதும் ஒரு பக்கம், பெற்ற தாய் ஒரு பக்கம் நிற்க, தனக்கே நஷ்டமென்று தெரிந்தும் மறைப்புக்குப் பின்னால் போய் மற்றக் கட்டத்தில் குறி போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இந்தப் பிள்ளைக்கு வைத்தியரிடம் நேரம் கேட்டு வைத்திருந்தேன் நான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் படி ஏறவில்லை. கீழ்வீட்டுக் கதவில் நின்று மணியை அழுத்தினாள். “நீங்கள் போங்கோ அம்மா, நான் பிறகு வாறன்.”

நான் போகவில்லை. தோற்றவருக்கு முன்னால் வென்றவள் எந்த முகத்தோடு நிற்பாள் என்று தெரியாமல், மகளுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே தள்ளுவண்டி மெல்ல வருகிற சத்தம் கேட்டது.